கரடிக்கு அத்தான்

சகலமானவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ஐந்து வயதுக்கு உட்பட்ட குடிமக்கள் அனைவரின் பேரன்புக்கும் உரிய கரடி மாமா, சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, தன் சொந்த வீட்டில், தன் சொந்தச் சாப்பாட்டு மேஜையில், தன் சொந்த மகளால், 'நீ கரடி மாமா இல்லை' என்று தீர்ப்பளிக்கப்பட்டார். தீர்ப்பு வழங்கியவருக்கு வயது நான்கு. வழங்கும்போது வாயில் பாதி மென்ற முட்டை இருந்தது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை.

தோற்றவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு குரல் கலைஞர். 'ஓ, டப்பிங் பேசறவரா?' என்று யாராவது கேட்டுவிட்டால் முகம் சுண்டிப்போகும். 'குரல் கலைஞர்' என்று திருத்துவார், அடிவயிற்றிலிருந்து. அவர் குரலைக் கேட்காதவர்கள் அந்த நகரத்தில் கிடையாது. வங்கிக்கு ஃபோன் செய்தால் 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது, காத்திருக்கவும்' என்று சொல்பவர் அவர்தான். லிஃப்டில் 'கதவு மூடுகிறது' என்பவரும் அவர்தான். இப்படி ஒரு நகரமே நாள் முழுக்க அவர் குரலைக் கேட்டுப் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. நேசித்தவர் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் கரடி வந்தது.

ஃபோனில் குழந்தைகளுக்கென்று ஓடும் ஒரு நிகழ்ச்சி. மஞ்சள் ஸ்வெட்டர் போட்ட குண்டுக் கரடி ஒன்று கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 'ஆ காட்டு!' என்னும். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை ஆ காட்டும். 'மெல்லு, மெல்லு, மெல்லு... முழுங்கு!' என்னும். குழந்தை முழுங்கும். அவ்வளவுதான் கதை. இதற்குக் கதாசிரியர் என்று ஒருவர் இருந்தார், விருதும் வாங்கியிருந்தார். பெற்றோர்கள் கீழே எழுதியிருந்தார்கள்: 'கரடி மாமா, நீங்க நல்லா இருக்கணும்.' 'எங்க வீட்டுல ஒரு வாய் சோறு இறங்குதுன்னா அது உங்களாலதான்.' குரல் கலைஞர் இவற்றை ஒன்று விடாமல் படித்தார். மனைவி பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று உரக்க வாசித்தார். அவள் குழாயைக் கொஞ்சம் பெரிதாகத் திறந்துவைத்துக்கொண்டாள்.

கரடியின் குரல் உண்டாகும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும், எல்லா வினையும் அதிலிருந்துதான் முளைத்தது. ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர் கரடி மாதிரிப் பேசுவதில்லை. வால் நுனியில் தீப்பிடித்த அணில் மாதிரி, மூச்சுவிடாமல், கீச்சென்று பேசுவார். இன்ஜினியர் அதைக் கம்ப்யூட்டரில் போட்டு இழுப்பார். இழுக்க இழுக்க அணில் தடித்து, கனத்து, தேன் சொட்டும் கரடியாகிவிடும். உலகமே கேட்டு மயங்கிய அந்தக் குரலை அவர் தொண்டை ஒரு நாளும் எழுப்பியதில்லை. இந்தச் சின்ன விவரம் அவர் மனதில் நிற்கவில்லை. பெருமை வந்து உட்காரும் இடத்தில் விவரத்துக்கு நாற்காலி கிடையாது.

மகளுக்கு அந்தக் கரடியை அறிமுகம் செய்துவைத்ததும் அவரே. மூன்று வயதில் பாப்பா முட்டையைத் துப்பிய ஒரு நாள், பழைய ஃபோன் ஒன்றைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்துவைத்து, "இப்ப பாரு வேடிக்கையை" என்றார். வேடிக்கை நடந்தது. முட்டை உள்ளே போயிற்று. மனைவிக்கு அப்போதே உறுத்தியது. அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க மனிதர்களுக்கு ஊசி குத்துவதால் பேச்சிலும் கொஞ்சம் ஊசி இருக்கும்.

"பாத்துங்க. இதுவே பழகிடப் போகுது."

"என்னத்த பழகும்? அப்பா குரல்தானேடி! பெத்தவன் குரலைக் கேட்டு வளர்றதுல என்ன தப்பு?"

பழகியது. சாப்பாட்டுக்குக் கரடி, தலை வாரக் கரடி, பல் தேய்க்கக் கரடி, கழிப்பறைக்கும் கரடி. சொந்தக்காரர்களின் குழுவில், குழந்தைகளிடம் ஃபோன் கொடுப்பதன் தீமைகள் குறித்து வாரம் ஒரு கட்டுரையை அவர் அனுப்பிவந்ததும் இதே காலகட்டத்தில்தான். ஊர்ப் பிள்ளைகள்மேல் அவருக்கு அக்கறை அதிகம்.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

பாப்பா மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஃபோன், ஃபோனில் கரடி. பக்கத்து நாற்காலியில், கையில் கிண்ணமும் கரண்டியுமாக, அந்தக் கரடியை ஆட்டுவிக்கும் மாபெரும் சக்தி. சக்தியை யாரும் பார்க்கவில்லை. 'ஆ காட்டு' என்றது கரடி. அவள் ஆ காட்டினாள். கரண்டி உள்ளே போயிற்று. கரண்டிக்குப் பின்னால் ஒரு கை உண்டா, கைக்குப் பின்னால் ஓர் அப்பா உண்டா என்பதெல்லாம் அவள் ஆராய்ச்சிக்குள் வரவில்லை. சோதித்துப் பார்க்க அவர் கரண்டியை வேண்டுமென்றே கன்னத்தில் இடித்தார். அவள் கண்ணைத் திருப்பாமல் வாயை மட்டும் கன்னத்துப் பக்கம் கொண்டுவந்தாள்.

கிண்ணம் காலியானதும் கரடி, 'என் தங்கமே, சமத்து!' என்றது. பாப்பா எட்டி, திரையில் முத்தம் வைத்தாள். கரடியின் மூக்கில் முட்டை ஒட்டியது.

"அப்பாவுக்கு?" என்று கன்னத்தைக் காட்டினார்.

"நகருப்பா. கரடி மாமா தெரியல."

நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது. அது பொறாமை என்று அவருக்கு உடனே புரியவில்லை. வாயுத்தொல்லை என்று நினைத்தார். ஆனாலும் அந்தக் கணத்தில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது, இந்தக் கதை முழுக்க அவரைப் படுத்தப்போகும் ஆசை. ஒரே ஒரு வாய். ஃபோன் இல்லாமல், தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இவள் ஒரே ஒரு வாய் சாப்பிட வேண்டும். 

"கண்ணு, ஒரு ரகசியம் சொல்லட்டா? கரடி மாமா யாரு தெரியுமா?"

"கரடி மாமா."

"இல்லடா. அப்பாதான் கரடி மாமா."

பாப்பா முதல் தடவையாகத் திரும்பினாள். உச்சியிலிருந்து ஆரம்பித்து நிதானமாகப் பார்த்தாள். 

"உனக்கு முடியே இல்ல."

மனைவி அடுப்படியிலிருந்து இருமினாள். சிரிப்பை இருமலாக மாற்றும் வித்தை அவளுக்குக் கைவந்தது. குரல் கலைஞர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, தன் வாழ்வின் மிக முக்கியமான நிகழ்ச்சியைத் தொடங்கினார். "ஆஆஆ... காட்ட்ட்டு..." தண்ணீர் வற்றிய தொட்டியில் மோட்டார் ஓடுவது மாதிரி இருந்தது. சரி என்று வேகமாகப் பேசிப் பார்த்தார்.

"அது அணில்" என்றாள் பாப்பா.

மறுபடி மோட்டார். பாப்பாவின் உதடு பிதுங்கியது. "கரடி மாமாவைக் கிண்டல் பண்ணாதப்பா. பாவம். நீ கரடி மாமா இல்ல."

தன்னைப் போலவே நடித்துக்காட்டித் தோற்ற முதல் கலைஞர் என்ற பெருமை இவ்வாறாக அவரைச் சேர்ந்தது.

மறுநாள் பாப்பா பள்ளியிலிருந்து ஒரு படம் வரைந்துகொண்டு வந்தாள். 'எங்கள் குடும்பம்.' நடுவில் கரடி, மஞ்சள் ஸ்வெட்டரோடு, தாளில் பாதியை அடைத்துக்கொண்டு. அதன் கையைப் பிடித்துக்கொண்டு பாப்பா. ஊசியோடு அம்மா. காரில் மாமா, அதாவது நிஜமான மாமா. ஓரத்தில், கறுப்பாக, மெலிந்து, வளைந்து ஓர் உருவம்.

"இது... அப்பாவா?" குரல் கலைஞரின் குரல் பிசிறியது.

"இல்ல. சார்ஜர்."

மனைவி படத்தை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் போட்டிருக்கா. சார்ஜருக்கு வால் கூட இருக்கு."

"நான் எங்கடி?"

"நீங்க வேலைக்குப் போயிருப்பீங்க. கரடி வேலைக்கு."

அவரால் சிரிக்க முடியவில்லை. உறவுமுறையை உட்கார்ந்து யோசித்தார். மகள் ஒருத்தனை மாமா என்று அழைத்தால் அவன் மனைவிக்குத் தம்பி. அப்படியானால் கரடி தனக்கு மைத்துனன், தான் கரடிக்கு அத்தான். ஏற்கெனவே ஒரு மைத்துனன் இருந்தான். அவனே வீட்டுக்கு அதிகம் என்பது அவருடைய நீண்டகாலக் கருத்து. அவன் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றுப் பார்த்தான், அப்புறம் இன்சூரன்ஸ், இப்போது டாக்சி. எதிலும் நிலைக்கவில்லை, சாப்பாட்டு நேரத்துக்கு அக்கா வீட்டுக்கு வருவதைத் தவிர. பேச ஆரம்பித்தால் ஒரு வார்த்தை முடிவதற்குள் அடுத்தது முட்டிக்கொண்டு வரும், பாதி புரியாது. பாப்பாவுக்கு அவன் என்றால் உயிர். அதுவும் அவருக்கு ஏற்கெனவே ஓர் எரிச்சல்.

வியாழக்கிழமை அவர் ஒரு கொள்கை முடிவை வெளியிட்டார். மேஜையின் ஒரு முனையில் நின்று, வங்கிக் குரலில்:

"இன்று முதல் இந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஃபோன் கிடையாது. குழந்தையின் கண், மூளை, எதிர்காலம் மூன்றும் கெடுகின்றன. எல்லா ஆராய்ச்சியும் சொல்கிறது."

"இதையேதான் ஒரு வருஷமா நான் சொன்னேன்" என்றாள் மனைவி. "அப்ப 'என் குரல்தானே'ன்னீங்க. இப்ப உண்மையச் சொல்லுங்க, அவளுக்குக் கண்ணு கெடுதா, உங்களுக்கு வயிறு எரியுதா?"

"நான் ஒரு பொறுப்புள்ள தகப்பனா..."

"வயிறுதான்."

ஃபோன் அலமாரி உச்சிக்குப் போயிற்று. பாப்பாவின் உதடுகள் ஒட்டிக்கொண்டன. அவர் பாடினார். கரண்டியை விமானமாக ஓட்டினார், தரையிறங்க இடம் கிடைக்கவில்லை. கடைசியில் லிஃப்ட் குரலை எடுத்து, "கதவு திறக்கிறது" என்றார். எத்தனையோ கட்டடங்களில் எத்தனையோ கதவுகளைத் திறந்த குரல் அது. இந்தக் கதவு திறக்கவில்லை. பாப்பா அவர் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அலமாரி உச்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கோபுரத்தைப் பார்க்கிற பக்தை மாதிரி. சோறு ஆறி, இறுகி, கரண்டியில் கட்டியாக நின்றது.

மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி ஃபோனை எடுத்து வைத்தாள். கரடி வாயைத் திறப்பதற்கு முன்பே பாப்பா வாயைத் திறந்துவிட்டாள்.

"பூஜைக்கு நடுவுல புகுந்த கரடின்னு சொல்லுவாங்க" என்றாள் மனைவி. "நம்ம வீட்டுல பூஜையே கரடிக்குத்தான். நடுவுல புகுந்தது நீங்க."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. யாரும் ஆ காட்டச் சொல்லவும் இல்லை.

கொள்கை தோற்றால் நிரூபணம் என்று அடுத்த கட்டத்துக்குப் போனார். சனிக்கிழமை பாப்பாவை ஒலிப்பதிவுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். தான் பேச, கரடி பேச, மகள் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். மைத்துனன் டாக்சியில் கொண்டுபோய் விட்டான். விட்டவன் 'நானும் பாக்குறேன் அத்தான்' என்று உள்ளேயும் வந்துவிட்டான்.

கூடத்தில் ஒரு சின்ன அறைக்குள் இன்னொரு சின்ன அறை. உள்ளறைக்கு மெத்தை வைத்த சுவரும் தடித்த கண்ணாடியும். உள்ளே மைக்குக்கு முன்னால் அவர். வெளியே திரைகளும் பொத்தான்களுமாக இன்ஜினியர். வழுக்கைத் தலை, பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருப்பவர். மைத்துனன் மடியில் பாப்பா. அவன் கையில் டீ.

அவர் மகளைப் பார்த்துக் கையசைத்தார். மைக்கின் முன் நின்று, என்றும் இல்லாத உருக்கத்தோடு, கீச்சுக் கீச்சென்று பேசினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஸ்பீக்கரில் அது கேட்டது.

"ஐ, அப்பா அணில்!" பாப்பா கைதட்டினாள்.

"இரு இரு, இனிமேதான் விஷயம்" என்று மைத்துனன் சொன்னான். இன்ஜினியர் இழுத்தார், தடவினார், ஒரு பொத்தானை அழுத்தினார். 'ஆ காட்டு, என் தங்கமே!' என்று கரடி அறையெங்கும் முழங்கியது.

பாப்பா எழுந்து நின்றாள். கண்கள் விரிந்தன. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. குரல் வந்த திசையைப் பார்த்தாள். 

"கரடி மாமா இந்தப் பெட்டிக்குள்ளயா இருக்காரு?"

இன்ஜினியர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்யும் சேதத்துக்கு அளவில்லை. "ஆமா பாப்பா. நான்தான் இங்கருந்து வெளிய எடுத்து விடுறேன்."

கண்ணாடிக்கு உள்ளே எதுவும் கேட்காது. ஆகவே குரல் கலைஞர் பின்வரும் காட்சியை ஊமைப் படமாகப் பார்த்தார்: தன் மகள் மைத்துனன் மடியிலிருந்து இறங்குகிறாள். கைகளை நீட்டிக்கொண்டு ஓடுகிறாள். இன்ஜினியரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்தப் பேனா மூடி வாய்க்குப் பக்கத்தில், கன்னத்தில், ஒன்று வைக்கிறாள். மறு கன்னத்திலும் ஒன்று. அந்த ஆள் சிரிக்கிறான். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

வெளியே வந்தபோது அவர் காது மடல் சிவந்திருந்தது. பாப்பா ஓடிவந்து அவர் காலைப் பிடித்தாள். "அப்பா, நீ கூப்பிட்டியா, கரடி மாமா வந்துட்டாரு!"

அறிவுள்ள மனிதனாக இருந்தால் அந்த உத்தியோகத்தை அங்கேயே ஏற்றுக்கொண்டிருப்பான். கரடியைக் கூப்பிட்டு வரவழைக்கும் அப்பா. வேறென்ன வேண்டும்? இவருக்கோ அது காதிலேயே விழவில்லை. அவர் கண் இன்னும் இன்ஜினியரின் கன்னத்தில் இருந்தது, அங்கே ஈரம் காயவில்லை.

"இனிமே இந்தக் கரடிக்கு நான் குரல் குடுக்கிறதா இல்ல" என்றார்.

"சார்? என்ன சார் திடீர்னு? இன்னும் பாதி சீசன் பாக்கி இருக்கு."

"இருக்கட்டும்."

"சார், தொண்டை சரியில்லன்னா ரெண்டு நாள் கழிச்சு..."

"என் தொண்டை பிரமாதமா இருக்கு. உங்க கரடிக்குத்தான் இனிமே தொண்டை கிடையாது. ஊமையா நடிக்கட்டும். சைகை காட்டி ஊட்டட்டும்." கதவருகே போய்த் திரும்பி, லிஃப்ட் குரலில் அல்ல, சொந்தக் குரலில், "நான் இல்லாம அது வெறும் ரோமம்" என்றார். நல்ல வசனம். கூடத்தில் மைக் எதுவும் ஓடிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் அவருக்குக் குறை.

"அத்தான், நீங்க பாப்பாவோட வண்டில உக்காருங்க" என்றான் மைத்துனன், வழக்கமான அவசரத்தில். "டீ மிச்சம் இருக்கு, வீணாப்போயிடும், குடிச்சிட்டு ஓடி வந்துடறேன்."

அவன் வர வெகுநேரம் ஆயிற்று.

"ஒரு டீக்கு இவ்வளவு நேரமாடா?"

"சூடா இருந்துச்சு அத்தான்."

அடுத்த வாரம் முழுக்க அவர் வீட்டுக்குள் ஒரு மிதப்போடு நடந்தார். எதிரியை ஒழித்துக்கட்டிய அரசனின் நடை. பழைய நிகழ்ச்சிகளைப் பாப்பா பார்த்துக்கொண்டிருந்தபோதெல்லாம், 'பாரு, பாரு, எத்தனை நாளைக்கு?' என்று மனதுக்குள் சிரித்தார். வெள்ளிக்கிழமை புதிய நிகழ்ச்சி வரும் நாள். வராது. பாப்பா கேட்பாள். அழுவாள். அழட்டும். அழுது ஓய்ந்து திரும்புவாள். திரும்பினால் அங்கே யார் இருப்பார்? கிண்ணத்தோடு, கரண்டியோடு, வழுக்கையோடு, அப்பா. அந்த ஒரு வாய்க்காக அவர் தன் ஒரே புகழின் கழுத்தை நெரித்துப் போட்டிருந்தார். அந்தத் தியாகத்தை நினைத்து அவர் கண்ணே கலங்கியது.

வெள்ளிக்கிழமை. ஃபோன் 'டிங்' என்றது. கரடி வந்தது. கிண்ணத்தை எடுத்தது. வாயைத் திறந்தது.

'ஆ காட்டு, என் தங்கமே!'

அவர் கையிலிருந்த கரண்டி மேஜையில் விழுந்தது. அதே கனம். அதே தேன். ஆனால் அவர் அல்ல.

"இது வேற ஆளு!" என்று கத்தினார். "கண்ணு, இது நம்ம கரடி இல்ல! நல்லாக் கேளு! இவன் போலி!"

பாப்பா கேட்டாள். தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கரடி மாமாவுக்குச் சளி சரியாயிடுச்சு" என்றாள் அவள்.

சாப்பாட்டுக்கு வந்திருந்த மைத்துனன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அத்தான், கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நீங்க போனதும் அந்த இன்ஜினியர் என்னைப் பாத்து, 'தம்பி, நீங்க எப்பவுமே இவ்வளவு வேகமாத்தான் பேசுவீங்களா'ன்னாரு. ஆமா சார், என் கஷ்டம் அது, அதனாலதான் இன்சூரன்ஸே போச்சுன்னேன். உள்ள வாங்கன்னாரு. உங்களை இழுக்கிற அளவுக்கு என்னை இழுக்க வேண்டியதே இல்லையாம். மிஷினுக்கு வேலை மிச்சம்ன்னாரு."

"டேய்..."

"சொல்லலாம்னுதான் இருந்தேன் அத்தான். நீங்க சந்தோஷமா இருந்தீங்களா, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

மனைவி குழம்பை ஊற்றியபடி, "இப்பதான் முறை சரியா வந்திருக்கு" என்றாள். "என் தம்பியைத்தானே அவ மாமான்னு கூப்பிடணும்? இத்தனை நாளா என் புருஷனை மாமான்னு கூப்பிட்டுட்டிருந்தா."

மைத்துனன் கரடி மாமா ஆகிவிட்டான். குரல் கலைஞர் சட்டப்படியும் சம்பிரதாயப்படியும் கரடிக்கு அத்தான் ஆகிவிட்டார். அதைவிடக் கொடுமை, தான் கரடியாக இருந்தவரைக்கும் பொறாமைக்கு ஓர் அடக்கம் இருந்தது. என்ன இருந்தாலும் உள்ளே இருப்பது தானே என்று இரவில் தூங்க முடிந்தது. இப்போது அந்த வசதியும் போயிற்று. கீழே பெற்றோர்கள் எழுதியிருந்தார்கள்: 'கரடி மாமா இப்ப இன்னும் பாசமா பேசுறாரு.' இன்னும்! அந்த 'இன்னும்' அவர் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

'குரல் ரசிகன்' என்ற பெயரில் அவர் பதில் எழுதினார்: 'பழைய கரடியின் ஆழம் இதில் இல்லை. உணர்ச்சி இல்லை. வெறும் சத்தம்.' யாரோ ஒரு தாய் உடனே பதில் போட்டாள்: 'அண்ணா, இது குழந்தைங்க பாக்குறது. உங்களுக்கு வேற வேலை இல்லையா?'

உண்மையில் வேறு வேலை இல்லை. லிஃப்டுகள் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தன. வங்கியில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே அவர் முழு நேரமும் இதில் இறங்கினார். தன்னுடைய ஃபோனில் பழைய கரடி. பாப்பாவின் ஃபோனில் புதிய கரடி. இடது காதில் தான், வலது காதில் மைத்துனன். ஒரே வசனத்தை இரண்டு காதிலும் ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டார். எங்கே மூச்சு வாங்குகிறான், எங்கே சிரிப்புப் போலியாக இருக்கிறது, எங்கே அவசரப்படுகிறான் என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். கண்டுபிடித்து யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கவில்லை. மனைவியின் ஃபோன் அவளோடு பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விடும். ஆக, வீட்டில் பாப்பாவுக்கு மிஞ்சியது தொலைக்காட்சியின் ரிமோட் மட்டும். அதில் பேட்டரி இல்லை.

"அப்பா, ஃபோன்."

"இருடா கண்ணு. அப்பா வேலையா இருக்கேன்."

"அப்பா, கரடி மாமா."

"அதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

பாப்பா முதல் நாள் அழுதாள். தரையில் புரண்டாள். அவர் ஒலியைக் கூட்டிக்கொண்டார். இரண்டாம் நாள் கொஞ்சமாக அழுதாள். அப்புறம் சோபாவுக்கு அடியில் நுழைந்து ஒரு காலுறையைக் கண்டுபிடித்தாள், அதற்குள் கையை விட்டு அதோடு பேசிக்கொண்டிருந்தாள். காலுறைக்கு அவள் சொந்தக் குரலே போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை மாலை மனைவி வேலையிலிருந்து வந்து, கையைக் கழுவிவிட்டு, பாப்பாவின் முன்னால் கிண்ணத்தை வைத்தாள். சோறும் முட்டையும். பழக்கத்தில் ஃபோனுக்காகக் கை நீட்டினாள். கணவர் எதிர் நாற்காலியில், இரண்டு காதிலும் இரண்டு ஃபோன்களோடு, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க. அவ சாப்பிடணும். அதைக் குடுங்க."

ஒரு விரலை உயர்த்தினார். பொறு என்று அர்த்தம்.

மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். ஊட்டிவிடலாம் என்று கரண்டியை எடுக்கப்போனாள். அதற்குள் பாப்பா எடுத்துவிட்டாள். கொஞ்சம் சிந்தியது. வாய்க்கு வந்தது. வேறு பார்க்க எதுவும் இல்லாததால் அவள் எதிரே இருந்ததைப் பார்த்தாள்: அப்பாவின் முகம். முணுமுணுக்கும் உதடு, சுருங்கும் புருவம், துடிக்கும் மூக்கு. கரடியிடம்கூட இத்தனை அசைவு கிடையாது. மென்றாள். முழுங்கினாள். பார்த்துக்கொண்டே அடுத்த வாய் எடுத்தாள். அப்பாவின் புருவம் மேலே போனபோது அவளுடைய புருவமும் போயிற்று. ஒரு தடவை களுக்கென்று சிரித்தாள். கையிலிருந்த கரண்டியை அவர் பக்கம் நீட்டி, "அப்பா, உனக்கு?" என்றாள். பதில் வரவில்லை என்றதும் அதையும் தானே சாப்பிட்டாள்.

மனைவி கரண்டிக்காக நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். மெதுவாகப் போய் அவர் தோளைத் தொட்டாள். "என்னங்க. கண்ணைத் தொறந்து பாருங்களேன். ஒரு நிமிஷம்."

"ஷ்ஷ்! இந்த இடம்தான்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "மெல்லு மெல்லுங்கிற எடத்துல மூச்சு விடுறான் பாரு. சிக்கிட்டான்! இதை மட்டும் இன்னொரு தடவை கேட்டுக்கிறேன்."

அன்று பாப்பா ஃபோன் இல்லாமல், அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கிண்ணம் முழுவதும் சாப்பிட்டாள். அவர் பார்க்கவில்லை.